ரெக்டிஃபையர் பாடாது: ஆம்ப் ட்யூப் மாற்றப்போகிறவர்களுக்கு

ட்யூப் ஆம்ப் வாங்கின தம்பிகள் எனக்கு அனுப்புகிற கேள்விகளில் பாதி ஒரே அச்சில் வார்த்தவை. "அண்ணா, டீலக்ஸ் ரிவர்ப் வாங்கிட்டேன். சவுண்டு கொஞ்சம் கடுசா இருக்கு. என்ன ட்யூப் போட்டா இதமா வரும்? ரெக்டிஃபையரையும் மாத்திடலாமா?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பவர் ட்யூப் ப்ளேட்டுல எத்தனை வோல்ட் வருது?" பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அடுத்த வாரம் புது ட்யூப்களின் போட்டோ மட்டும் வரும்.

சரி, ஒரே தடவையாக எழுதிப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ட்யூப் மாற்றினதும் காதில் விழுகிற வித்தியாசத்தில் பெரும்பங்கு, உள்ளே வோல்ட்டும் கரண்ட்டும் நகர்ந்ததால் வருவது. கண்ணாடிமேல் அச்சிட்ட பெயருக்கு அதற்கப்புறம்தான் இடம். ரெக்டிஃபையருக்கு இது நூற்றுக்கு நூறு பொருந்தும். கிட்டார் சிக்னல் ரெக்டிஃபையர் வழியாகப் போவதே இல்லை. அது ஏசியை டிசியாக்கிக் கொடுக்கும் வேலைக்காரன். அவன் எத்தனை வோல்ட் கொடுக்கிறான், நீங்கள் ஓங்கி அடிக்கும்போது எவ்வளவு கீழே விடுகிறான் என்பதுதான் உங்கள் காதுக்கு வந்து சேர்கிறது.

எல்லா ஆம்ப்பையும் இழுத்தால் பதிவு முடியாது. டீலக்ஸ் ரிவர்பையே எடுத்துக்கொள்கிறேன். அறுபதுகளில் ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் செய்தது. சர்க்யூட்டின் பெயர் ஏபி763. 22 வாட், ஒற்றை 12 அங்குல ஸ்பீக்கர். இன்று வருகிற ரீஇஷ்யூவும் அடிப்படையில் அதே சர்க்யூட்தான்.

ஆம்பின் பின்பக்கம் நின்று பாருங்கள். வலது ஓரத்தில் தொடங்கி இடப்பக்கம் ஒன்பது ட்யூப். முதல் இரண்டும் 12ஏஎக்ஸ்7. நார்மல் சேனலுக்கு ஒன்று, வைப்ராட்டோ சேனலுக்கு ஒன்று. மூன்றாவது 12ஏடி7, ரிவர்ப் ஸ்பிரிங்கை ஓட்டுவது. நான்காவது 12ஏஎக்ஸ்7, ஸ்பிரிங்கிலிருந்து திரும்பி வருகிற சத்தத்தைத் தூக்கிவிடுவது. ஐந்தாவது ட்ரெமலோவுக்கு. ஆறாவது 12ஏடி7, ஃபேஸ் இன்வர்ட்டர். அப்புறம் பெரிய ட்யூப் இரண்டு, 6வி6. கடைசியில், பவர் ட்ரான்ஸ்ஃபார்மரை ஒட்டி நிற்பது ஜிஇசட்34 ரெக்டிஃபையர். அமெரிக்கர்கள் இதையே 5ஏஆர்4 என்பார்கள். இரண்டும் ஒரே சாமான்.

இந்த ஒன்பதையும் ஒரேயடியாகப் பிடுங்கி "ஃபுல் செட்" மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல். சின்ன ட்யூப்கள் நன்றாகச் செய்திருந்தால் வருடக்கணக்கில் ஓடும். ட்ரெமலோவை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தொடுகிறவர் அந்த ட்யூபை எதற்கு மாற்றவேண்டும்? முதலில் குற்றவாளி யார் என்று கண்டுபிடியுங்கள். ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, வால்யூம் பாதியில் வைத்து, பென்சிலின் பின்முனையால் ஒவ்வொரு சின்ன ட்யூபையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். எல்லாமே லேசாக 'டொக்' என்னும். ஒன்று மட்டும் ஸ்பீக்கரில் 'டிங்ங்' என்று மணியடித்து இழுக்கும்; அது மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது. அதை எடுத்து ட்ரெமலோ சாக்கெட்டில் போட்டு, அங்கிருக்கிறதை இங்கே கொண்டுவாருங்கள். செலவில்லாமல் பாதி வழக்கு தீர்ந்துவிடும். முதல் ஸ்டேஜில் பிறக்கிற இரைச்சலைப் பின்னால் வருகிற எல்லா ஸ்டேஜும் சேர்ந்து பெருக்கும். அதனால் முதலிடத்துக்கு மட்டும் அமைதியான ட்யூப் தேடிக் காசு போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

12ஏஎக்ஸ்7, இசிசி83, 7025 மூன்றும் ஒரே குடும்பம். ஐரோப்பாவில் இசிசி83. இரைச்சல் குறைவாகத் தேர்ந்தெடுத்ததற்கு 7025. பெருக்கும் எண் 100. அதே சாக்கெட்டில் உட்காரக்கூடிய ஆனால் குறைவாகப் பெருக்குகிற உறவுக்காரர்களும் உண்டு: 5751க்கு 70, 12ஏடி7க்கு 60, 12ஏஒய்7க்கு 40 சொச்சம், 12ஏயூ7க்கு 20க்கும் கீழே. "ஆம்ப் சீக்கிரமே கிழிய ஆரம்பிக்குது, வால்யூமை 3க்கு மேல வைக்க முடியல" என்பவர் முதலிடத்தில் ஒரு 5751 போட்டுப் பார்க்கலாம். ஐம்பதுகளின் ட்வீட் பாஸ்மேனிலும் ட்வீட் டீலக்ஸிலும் முதலிடத்தில் ஃபெண்டரே 12ஏஒய்7தான் வைத்திருந்தது. அங்கே 12ஏஎக்ஸ்7 போட்டுவிட்டு "விண்டேஜ் டோன் கிடைக்கல" என்று புலம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

ரிவர்ப் டிரைவரில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே 12ஏடி7இன் இரண்டு பாதியும் இணையாக நின்று ஒரு குட்டி பவர் ஆம்ப் வேலை பார்க்கின்றன. டேட்டாஷீட்டில் 12ஏடி7இன் ப்ளேட்டுக்கு வரம்பு 300 வோல்ட். இந்த சாக்கெட்டில் வருவது 400க்கு மேலே! ஃபெண்டர் இப்படித்தான் வடிவமைத்தது. ட்யூபும் தாங்கிக்கொண்டு ஓடுகிறது. ரிவர்ப் திடீரென்று மெலிந்துபோனால் முதல் சந்தேகம் இந்த ட்யூப்மேல் வரட்டும். மாற்றும்போது இன்னொரு 12ஏடி7ஐயே போடுங்கள், மலிவானதே போதும்.

இனி 6வி6. டேட்டாஷீட் வரம்பை மீறுகிற கதை இங்கே இன்னும் பெரியது. 6வி6ஜிடிக்குப் பழைய கையேடுகள் கொடுத்த ப்ளேட் வரம்பு 315 வோல்ட். ஏபி763 வரைபடத்தில் ஃபெண்டர் எழுதிவைத்திருப்பது 415. நூறு வோல்ட் அதிகம். அன்றைக்கு ஆர்சிஏ, சில்வேனியா போன்ற அமெரிக்கத் தொழிற்சாலைகள் செய்த 6வி6கள் இந்தக் கொடுமையைப் பொறுத்துக்கொண்டன. லியோ ஃபெண்டர் அதைத் தெரிந்தேதான் ஓட்டினார். பிறகு அந்தத் தொழிற்சாலைகள் மூடின. அதற்கப்புறம் சந்தைக்கு வந்த 6வி6 எல்லாவற்றுக்கும் அந்த நெஞ்சுரம் இல்லை. ஆகவே டீலக்ஸ் ரிவர்புக்கு 6வி6 வாங்கும்போது "டோன் எப்படி" என்று கேட்பதற்கு முன்னால் "415 தாங்குமா" என்று கேட்கவேண்டும். ஸ்லோவாக்கியாவின் ஜேஜே செய்கிற 6வி6எஸ் 500 வோல்ட் வரை தாங்கும் என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுக்கிறார். சத்தம் கொஞ்சம் தடிமன் என்று குறை சொல்வார்கள். இருக்கட்டும். மேடையில் நடுப்பாட்டில் சாகாத ட்யூபின் டோன் எனக்குப் பிடித்த டோன்.

வாக்ஸ் ஏசி30 வைத்திருப்பவர்களுக்கும் இதே தலைவிதி. அதிலிருக்கும் நான்கு இஎல்84களுக்கு வரம்பு 300 வோல்ட், ஆம்ப் ஓட்டுவது அதைத் தாண்டி. அதிலே அடிக்கடி ட்யூப் மாற்றவேண்டியிருப்பதற்கு யாரையும் திட்டவேண்டாம்.

பவர் ட்யூப் மாற்றினால் பயாஸ் பார்க்கவேண்டும். இதை ஏதோ மந்திரம் மாதிரி பேசுவார்கள். நாலாம் வகுப்புக் கணக்குதான். 6வி6ஜிடியின் ப்ளேட் தாங்கக்கூடிய வெப்பம், பிந்தைய கணக்குப்படி, 14 வாட். வாசிக்காமல் சும்மா நிற்கும்போது அதில் 70 சதவீதத்துக்கு மேலே போகாமல் வைப்பது பட்டறை வழக்கம்: 9.8 வாட். ப்ளேட்டில் 415 வோல்ட் இருந்தால், 9.8ஐ 415ஆல் வகுத்தால் 23.6 மில்லிஆம்பியர். அதுதான் ஒரு ட்யூபுக்கு மேல்வரம்பு. நான் 20லிருந்து 22க்குள் நிறுத்துவேன். காதுக்கு வித்தியாசம் தெரியாது, ட்யூபுக்குத் தெரியும். அளப்பதற்கு ஆம்பைத் திறந்து கையை விடவேண்டியதில்லை. ட்யூபுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகுகிற பயாஸ் ப்ரோப் கிடைக்கிறது. அது பெரும்பாலும் கேதோடு கரண்ட்டைத்தான் காட்டும். அதில் ஸ்க்ரீன் கரண்ட்டும் ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் கலந்திருக்கும். அந்தப் பிழை நம் பக்கம்தான் சாயும், பயமில்லை.

ஜோடிப் பொருத்தம் பற்றி ஒரு வரி. இரண்டு 6வி6உம் சும்மா நிற்கும்போது இழுக்கிற கரண்ட் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் போதும். மூன்று, நாலு மில்லிஆம்பியர் வித்தியாசம் குற்றமில்லை. "பிளாட்டினம் மேட்ச்டு" என்று இரட்டை விலை சொல்கிறவரிடம் சிரித்துவிட்டு நகருங்கள்.

இப்போது ரெக்டிஃபையர். பதிவின் தலைவர்.

ஜிஇசட்34க்குள் இரண்டு ப்ளேட், ஒரு கேதோடு. ட்ரான்ஸ்ஃபார்மரின் இரு முனைகளும் மாறி மாறி பாசிட்டிவ் ஆகும்போது, எந்த ப்ளேட் பாசிட்டிவோ அது வழியாகக் கரண்ட் ஓடும். அவ்வளவுதான் வேலை. ஆனால் வெற்றிடத்தைத் தாண்டிப் போவதற்கு எலெக்ட்ரான் ஒரு கூலி கேட்கும். அந்தக் கூலிதான் வோல்டேஜ் டிராப். ஜிஇசட்34 ரொம்ப சிக்கனம்: 225 மில்லிஆம்பியர் ஓடும்போதும் 17 வோல்ட்தான் விழுங்கும். 5யூ4ஜிபி அதே அளவு வேலைக்கு நாற்பது, ஐம்பது வோல்ட்டை விழுங்கிவிடும். 5ஒய்3யோ 100 மில்லிஆம்பியர் சொச்சத்துக்கே அதே அளவு கேட்கும். சிலிக்கான் டயோடு ஒரு வோல்ட்டுக்கும் குறைவு.

இந்த விழுங்கல் எல்லா நேரமும் ஒரே அளவில் இருந்தால் கதையே இல்லை. கரண்ட் கூடக் கூட அதுவும் கூடும். டீலக்ஸ் ரிவர்ப் மாதிரி கிளாஸ் ஏபி ஆம்பில், மெதுவாக மீட்டும்போது பவர் ட்யூப்கள் கொஞ்சமாகத்தான் கரண்ட் இழுக்கும். ஓங்கி ஒரு கார்டு அடித்தால் தேவை ஒரேயடியாக ஏறும். ரெக்டிஃபையர் திணறும், வோல்ட் இறங்கும், அடியின் முனை மழுங்கி, பிறகு வோல்ட் திரும்பி ஏறும்போது சத்தம் மலர்கிறது. வீட்டில் தண்ணி மோட்டார் போட்ட வினாடி ஹால் லைட் மங்கித் திரும்ப வருமே, அதே சங்கதி. இதைத்தான் கிட்டார்காரர்கள் 'சாக்' என்று சொல்லி உருகுவது. சிலருக்கு அது விரலுக்குக் கீழே ஸ்பிரிங் வைத்த மாதிரி இருக்கும். வேகமான ஃபங்க் ரிதம் வாசிக்கிறவருக்கு அதுவே எரிச்சல்.

ஆனால் ஒன்று. ஃபெண்டர் சாம்ப் போன்ற ஒற்றைப் பவர் ட்யூப் ஆம்பில் இந்தக் கதை கிட்டத்தட்டச் செல்லாது. அது கிளாஸ் ஏ. வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் சராசரி கரண்ட் ஏறத்தாழ ஒன்றே. கரண்ட் மாறாத இடத்தில் டிராப் எப்படி மாறும்? சாம்பில் 5ஒய்3ஐ எடுத்துவிட்டு வேறு ரெக்டிஃபையர் போட்டவர் கேட்கிற வித்தியாசம், மொத்த வோல்ட்டே ஏறினதால் வருவது. அதைப் போய் 'சாக் போச்சு' என்று எழுதிவைக்கிறார்கள். இன்னொன்று, டீலக்ஸ் ரிவர்பிலேயே சாக் முழுக்க ரெக்டிஃபையரின் சொத்து கிடையாது. பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் சுருளின் ரெசிஸ்டன்ஸும் ஃபில்டர் கெபாசிட்டரின் அளவும் பங்கு கேட்கும். ஜிஇசட்34 சிக்கனமானது என்பதால் அங்கே அவற்றின் பங்குதான் பெரிது.

சரி, டீலக்ஸ் ரிவர்பில் ஜிஇசட்34ஐ எடுத்துவிட்டு 5ஒய்3 போடலாமா? செருகிப் பார்த்தால் உட்காரும். பின் வரிசை ஒத்துப்போகும், ஹீட்டருக்கும் ஏறத்தாழ அதே 2 ஆம்பியர்தான். ப்ளேட் வோல்டேஜ் 415லிருந்து 360, 370 பக்கம் இறங்கிவிடும். ஆம்ப் சீக்கிரம் கிழியும், பாஸ் தளர்ந்து போகும், சத்தம் மங்கலாகும். பலருக்கு இது பிடிக்கிறது. இங்கேதான் ஒரு சூது இருக்கிறது. 6வி6களின் கிரிட்டுக்குப் போகிற நெகட்டிவ் பயாஸ், ரெக்டிஃபையர் ட்யூபைத் தொடாமல் தனி டயோடு வழியாக வருவது. ஆகவே ப்ளேட் வோல்ட் மட்டும் இறங்கும். பயாஸ் அப்படியே நிற்கும். விளைவு, பவர் ட்யூப்கள் தேவைக்கு மேல் அணைந்துபோய்க் கிடக்கும். 22 மில்லிஆம்பியர் ஓடின இடத்தில் அதைவிட நன்றாகக் குறைவாக ஓடும். நீங்கள் "5ஒய்3யின் டோன்" என்று ரசிப்பதில் ஒரு பங்கு, பயாஸ் தவறிப்போன 6வி6இன் டோன்! பயாஸைத் திருத்திவிட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்திசையில் போனால் ஆபத்து. 5ஒய்3க்கென்று வடிவமைத்த ட்வீட் டீலக்ஸில் ஜிஇசட்34 போட்டால் வோல்ட் எகிறும். அதில் பயாஸ் கேதோடு ரெசிஸ்டர் மூலம் தானாக அமைவதால், வோல்ட்டோடு கரண்ட்டும் ஏறும். ட்யூபின் வெப்பம் இரண்டு வழியில் கூடும். பழைய ஃபில்டர் கெபாசிட்டர்களின் வோல்ட் வரம்பும் தாண்டலாம். இருட்டில் பின்னால் பாருங்கள்: ப்ளேட்டின் பக்கவாட்டில் மங்கிய சிவப்பு தெரிந்தால் உடனே அணைக்கவும். கண்ணாடி உட்சுவரில் தெரிகிற நீலத்துக்குப் பயப்படவேண்டாம், நல்ல பவர் ட்யூபிலும் அது வரும். கண்ணாடிக்குள் பூசின வெள்ளிநிறப் பகுதி பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த ட்யூப் முடிந்தது.

ரெக்டிஃபையர் மாற்ற நினைக்கிறவர் பார்க்கவேண்டிய எண்கள் சிலதான். முதலாவது ஹீட்டர் கரண்ட். ஜிஇசட்34க்கு 1.9 ஆம்பியர், 5ஒய்3க்கு 2, 5யூ4க்கு 3. இரண்டு ஆம்பியருக்கென்று சுற்றின ட்ரான்ஸ்ஃபார்மரில் 5யூ4 போட்டால், அந்தச் சுருள் மெல்ல மெல்ல வெந்துகொண்டிருக்கும்; வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. ட்யூப் போனால் ட்யூப். ட்ரான்ஸ்ஃபார்மர் போனால் ஆம்பின் பாதி விலை. இரண்டாவது, எவ்வளவு கரண்ட் கொடுக்கும்: ஜிஇசட்34 250 மில்லிஆம்பியர், 5ஒய்3 125. நான்கு 6எல்6 உள்ள ஆம்பில் 5ஒய்3 நினைத்துக்கூடப் பார்க்கக்கூடாது. மூன்றாவது, முதல் ஃபில்டர் கெபாசிட்டர். ஜிஇசட்34 60 மைக்ரோஃபாரட் வரை சமாளிக்கும். 5ஒய்3க்கு 20 என்பதே வழக்கமாகச் சொல்லும் எல்லை. "ஹம் குறையும்" என்று யாரோ முதல் கெபாசிட்டரை 100 ஆக்கிவைத்த ஆம்ப்கள் என் மேசைக்கு வருவதுண்டு. அதில் எந்த ரெக்டிஃபையர் போட்டாலும் ஆயுசு அற்பம்.

சூடாகும் விதத்தை யாரும் கேட்பதே இல்லை, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது. மீட்டரை வைத்துப் பார்த்தால்தான் சுவாரசியம். ஜிஇசட்34 உள்ள ஆம்பை ஆன் செய்தால் பத்துப் பதினைந்து வினாடி முள் அசையாது. பிறகு நிதானமாக ஏறி 415க்கு வந்து நிற்கும். அதற்குள் 6வி6களும் சூடேறித் தயாராகியிருக்கும். 5ஒய்3, 5யூ4 இரண்டும் நேரடியாகச் சூடாகிற வகை. இரண்டு மூன்று வினாடியிலேயே வோல்ட் பாய்ந்து ஏறும். பவர் ட்யூப் இன்னும் குளிர்ந்து கிடப்பதால் இழுப்பார் யாருமில்லை. வோல்ட் இயல்பைத் தாண்டி உச்சிக்குப் போய், பிறகு இறங்கும். கெபாசிட்டர்கள் அந்த உச்சியைத் தாங்கவேண்டும். இன்று '5ஒய்3' என்ற பெயரில் விற்கிறவற்றில் சில உள்ளே வேறு வகை ட்யூப். ரஷ்யாவின் சோவ்டெக் 5ஒய்3ஜிடி அப்படித்தான்: மறைமுகமாகச் சூடாகும், டிராப்பும் பழைய 5ஒய்3ஐவிடக் குறைவு. பழைய சாம்பில் அதைப் போட்டால் வோல்ட் வரைபடத்தைவிட மேலே நிற்கும். பெயரை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்.

ட்யூப் வேண்டாம், சிலிக்கான் டயோடே போடுவோம் என்பவர்களுக்கு: ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் ஆரம்பத்திலிருந்தே சிலிக்கான்தான், அதன் இரும்பு மாதிரி இறுக்கமான சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம். மார்ஷல் ஜேடிஎம்45இல் ஜிஇசட்34 இருந்தது. அறுபதுகளின் பிற்பாதியில் மார்ஷலும் டயோடுக்கு மாறியது. மெசா பூகியின் டூயல் ரெக்டிஃபையர் ஆம்புக்குப் பெயர் வந்ததே, 5யூ4 ட்யூபா டயோடா என்று ஸ்விட்ச் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால். ஆனால் டீலக்ஸ் ரிவர்பின் சாக்கெட்டில் வெறும் டயோடு அடைத்த செருகியைப் போடாதீர்கள். ஏற்கெனவே நூறு வோல்ட் அதிகமாகச் சுமக்கிற 6வி6களின் தலையில் இன்னும் இருபது வோல்ட்டை ஏற்றுவானேன்? டயோடோடு ரெசிஸ்டரும், மெதுவாகத் திறக்கிற தெர்மிஸ்டரும் சேர்த்து, இன்ன ட்யூபின் டிராப்பைப் போலச் செய்த வெபரின் காப்பர் கேப் போன்றவை வேறு சங்கதி. அவை உடையாது. மேடைக்கு நல்ல ஸ்பேர்.

ஜிஇசட்34ஐ வைத்துக்கொண்டே காப்பாற்றுகிற ஒரு வேலை இருக்கிறது. ரெக்டிஃபையரின் ஒவ்வொரு ப்ளேட்டுக்கும் முன்னால் 1என்4007 டயோடு இரண்டு இரண்டாகத் தொடராக வைப்பது. மொத்தம் நான்கு டயோடு, டீக்காசு. டோனில் மாற்றமே கிடையாது, ஏனென்றால் டிராப்பைத் தீர்மானிப்பது இன்னமும் ட்யூப்தான். ட்யூப் உள்ளே ஷார்ட் ஆனாலும் ஏசி பின்னால் பாய்ந்து ட்ரான்ஸ்ஃபார்மரையும் கெபாசிட்டரையும் எரிக்காமல் டயோடு தடுத்து நிறுத்தும். இரண்டிரண்டாக ஏன் என்றால், எதிர்த்திசையில் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஆயிரம் வோல்ட் வந்து மோதும். ஒற்றை 1என்4007இன் வரம்பும் அதே ஆயிரம்தான். இன்று செய்கிற ஜிஇசட்34கள் பழைய முல்லார்டு, ஃபிலிப்ஸ் சரக்கு மாதிரி கெட்டியில்லை என்பதால் என் கைக்கு வரும் ஆம்புக்கெல்லாம் இதைக் கேட்காமலேயே சொல்லிவிடுவேன்.

ஸ்டாண்ட்பை ஸ்விட்ச்சும் ரெக்டிஃபையருக்கு எமன். பல ஆம்ப்களில் அது ரெக்டிஃபையருக்கும் ஃபில்டர் கெபாசிட்டருக்கும் நடுவில் இருக்கிறது. ட்யூப் நன்றாகச் சூடேறினதும் ஸ்விட்ச்சைத் தட்டினால், வெறுமையாகக் கிடக்கிற கெபாசிட்டர் ஒரேயடியாகக் கரண்ட்டை உறிஞ்சும். உள்ளே பளிச்சென்று ஒரு மின்னல். ஜிஇசட்34 இருந்தால் ஸ்டாண்ட்பையை எப்போதும் 'ப்ளே'யிலேயே விட்டு, பவர் ஸ்விட்ச் ஒன்றால் மட்டும் ஆன், ஆஃப் செய்யுங்கள். அது தானே மெதுவாக ஏறும் என்று மேலே பார்த்தோமே. இடைவேளைக்கு வால்யூமைக் குறைத்தால் போதும்.

பிராண்டு பற்றிப் பேசாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். இன்றைக்கு 'முல்லார்டு' என்று புதுப்பெட்டியில் வருவது இங்கிலாந்தின் பிளாக்பர்னில் செய்தது கிடையாது. ரஷ்யாவின் சரட்டோவில் செய்தது. எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், சோவ்டெக், டங்-சோல், ஜெனலெக்ஸ் கோல்டு லயன் என்ற பெயர்களும் அதே கூரைக்குக் கீழேதான். மைக் மேத்யூஸின் நியூ சென்சர் கம்பெனி அந்தப் பெயர்களையெல்லாம் கையில் வைத்திருக்கிறது. ட்யூப்கள் மோசமில்லை. ஆனால் மூன்று பெயரை வாங்கி வைத்துக்கொண்டு 'ஷூட்-அவுட்' நடத்துகிறவர் ஒரே ஆலையின் அண்ணன் தம்பிகளைத்தான் மோதவிடுகிறார். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது உலகத்தின் ட்யூப் கடைகள் அலமாரி காலியாகி விலை ஏறினதன் காரணமும் இதுவே. ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளை நம்பித்தான் மொத்தக் கிட்டார் உலகமும் ஓடுகிறது.

பழைய சரக்கில் ஆசை இருந்தால் சின்ன ட்யூபில் செலவழியுங்கள், அதுவும் முதலிடத்துக்கு. நம்மூருக்கு இதில் ஒரு சலுகை உண்டு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ், அதாவது பிஇஎல், வால்வு ரேடியோக் காலத்தில் இசிசி83, இஎல்84 எல்லாம் செய்தது. பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் தகரப் பெட்டிகளில் அவை இன்னும் தூங்குகின்றன. நல்ல பிஇஎல் இசிசி83க்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் ஆசைப்படுகிறார்கள். அளந்து பார்க்காமல் மட்டும் வாங்காதீர்கள். கண்ணாடிமேல் எழுத்தை அழித்து வேறு பெயர் அச்சிடுவது ஊர் உலகமெல்லாம் நடக்கிற கைத்தொழில்.

நம்மூருக்கு இன்னொரு தலைவலி மெயின்ஸ். அமெரிக்காவிலிருந்து சூட்கேஸில் வந்த 120 வோல்ட் ஆம்பை ஸ்டெப்-டவுன் போட்டு ஓட்டுகிறவர்கள் கவனியுங்கள். பாதியாக்குகிற ஸ்டெப்-டவுனில் வீட்டில் 230 இருந்தால் 115, ராத்திரியில் 250 ஆனால் 125. உள்ளே ப்ளேட்டும் ஹீட்டரும் அதே விகிதத்தில் ஏறி இறங்கும். ஹீட்டர் 6.3 வோல்ட்டுக்குப் பத்து சதவீதம் மேலே கீழே பொறுத்துக்கொள்ளும், அதாவது 5.7லிருந்து 6.9 வரை. பகலில் பயாஸ் வைத்துவிட்டு ராத்திரி கச்சேரியில் ப்ளேட் சிவந்தால் ட்யூபைத் திட்டாதீர்கள். போதாக்குறைக்கு 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று செய்த ட்ரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். பயாஸ் பார்க்கிற அன்றைக்கு மெயின்ஸ் எவ்வளவு என்பதையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி சேசிஸ் உள்ளே ஒட்டிவிடுங்கள்.

சேசிஸைத் திறக்கிறவர்களுக்கு: ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் 400 வோல்ட் காத்துக்கொண்டிருக்கலாம். ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விரல் உள்ளே போகவேண்டும். இது தெரியாதென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள், கூச்சப்படவேண்டாம்.

ஆன் செய்ததும் ஃப்யூஸ் போகிறதா? அதே அளவு புது ஃப்யூஸ் போட்டு, ரெக்டிஃபையரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போதும் போனால் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் அல்லது ஹீட்டர் லைன். ஆம்பை மூடிவிட்டு மெக்கானிக்கைத் தேடுங்கள். போகவில்லையென்றால் நல்ல ரெக்டிஃபையரைப் போட்டு ஒரு தடவை பாருங்கள். நின்றால் பழைய ரெக்டிஃபையர்தான் ஆள். திரும்பவும் போனால் 6வி6களில் ஒன்று ஷார்ட், இல்லையென்றால் ஃபில்டர் கெபாசிட்டர்.

மேடைக்குப் போகிற பையில் நான் வைத்துக்கொள்ளச் சொல்வது: அளந்து பார்த்த 6வி6 ஒரு ஜோடி, அமைதியான 12ஏஎக்ஸ்7 ஒன்று, 12ஏடி7 ஒன்று, ஜிஇசட்34 அல்லது அதற்கு ஈடான காப்பர் கேப் ஒன்று, ஆம்பின் பின்னால் அச்சிட்டிருக்கிற அதே அளவில் மெதுவாக உருகும் ஃப்யூஸ் நாலைந்து. அளவு கூடின ஃப்யூஸ் வேண்டவே வேண்டாம், வெள்ளித்தாள் சுற்றுவது அதைவிட வேண்டாம். ட்யூப்களைத் துணியில் சுற்றித் தனி டப்பாவில் போடுங்கள், கிட்டார் கேபிளோடு சேர்த்து உருட்டாதீர்கள். உங்கள் ஆம்ப் வேறு மாடல் என்றால், அதன் பெயரையும், ப்ளேட்டில் அளந்த வோல்ட்டையும், அன்றைய மெயின்ஸையும் எழுதுங்கள். மூன்றும் இருந்தால் பதில் சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம் போதும்.